புழுங்கலரிசியும் பி1 மாத்திரையும்



இப்போது காரைக்குடியில் பல வீடுகளில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்திலேயே மாத்திரை டப்பாவும் இருக்கிறது. பெரும்பாலும் பி காம்ப்ளெக்ஸ். அதே வீட்டில் சோறு மட்டும் மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும்! அந்த மாத்திரையில் உள்ள பி1, நாம் வேண்டாம் என்று தள்ளும் தவிட்டில் இருப்பதுதான். அது தெரியவந்த வரலாற்றில் தமிழர்களின் சோற்றுத் தட்டுக்கும் பங்கு உண்டு.

நம்ம ஊர்க்காரர்கள் மலாயாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலம் அது. அங்கே தோட்டங்களில் தமிழர்கள், ஈயச் சுரங்கங்களில் சீனர்கள். சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். தமிழர்களிடம் அந்த நோய் அரிது. கூலியிலோ குடியிருப்பிலோ அவர்கள் ஒன்றும் உசத்தியாக இருக்கவில்லை. அரிசிதான் வேறு. சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. பிராடன் என்ற மருத்துவர் இதை 1907-இல் நூலாகவே எழுதினார்.

அதற்கு முன்பே, 1905-இல், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. சம்மதம் கேட்கப்படாத அந்த 18 பேரின் உயிரும் நமது அறிவுக்குக் கொடுத்த விலைதான்.

காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேல்தோலில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். அன்று இது யாருக்கும் தெரியாது. அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றே பிராடன் நினைத்தார். 1912-இல்தான் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற பெயரையே சூட்டினார்.

இன்னொரு செய்தி. பி1-ஐ ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் அமெரிக்கர். ஆனால் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்! 1910-இல் மணிலாவில் தவிட்டுச் சாற்றில் தேடத் தொடங்கியவர், 1936-இல் வெற்றி கண்டார். மாத்திரை மலிவானது அதற்குப் பிறகுதான்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. சைவம் சாப்பிடும் பெரியவர்களுக்குப் பி12 குறையலாம். அது எந்த அரிசியிலும் கிடையாது. ஆனால் அரிசியை நாலைந்து தண்ணீரில் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டிவிட்டு, பி1-ஐ மருந்துக்கடையில் தேடுவது என்ன கணக்கு? அது தண்ணீரில் கரையக்கூடியது. இரண்டு தண்ணீர் கழுவினால் போதும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடியுங்கள்.

உங்கள் வீட்டில் நெல் அவித்த அப்பத்தாவோ ஆச்சியோ இருந்தால், எத்தனை நாள் ஊறவைத்தார்கள், எப்படி அவித்தார்கள் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.