நடுத்தரக் கார்டும் முதல் நாள் தீர்ப்பும்

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு ஒன்று சந்தைக்கு வரும்போது, அதைத் தயாரித்த கம்பெனியார் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே ஒவ்வொன்று அனுப்பிவைத்து, இன்ன நாள் இன்ன மணி வரையில் வாய் திறக்கலாகாது என்று வாக்குறுதியும் பெற்றுக்கொண்டு, அந்த மணி வந்ததும் உலகெங்கும் ஏககாலத்தில் அபிப்பிராயங்கள் வெளிப்படுமாறு ஏற்பாடு செய்வது இத்தொழிலில் நெடுநாளாக நிலைத்துவிட்ட சம்பிரதாயம். ஆயிரம் டாலர் கொடுத்து உச்சாணிக் கார்டை வாங்குகிற தனவந்தனுக்கு இந்தத் தீர்ப்பினால் பெரிய லாபமோ நஷ்டமோ இல்லை; எது உயர்ந்தது என்பதை விலைப்பட்டியலே அவனுக்குச் சொல்லிவிடும். 200 டாலருக்கும் 350 டாலருக்கும் இடையில் ஒன்றை வாங்கி, நாலைந்து வருஷம் அதைக் கொண்டே காலந்தள்ள நினைக்கிற நடுத்தர ரசிகன்தான் முதல் நாள் தீர்ப்பை ஆவலோடு எதிர்பார்க்கிறான். அவனுக்கென்று செய்யப்படும் கார்டின் பூர்வ சரித்திரத்தை நோக்கினால், அந்தத் தீர்ப்பு பொய்த்துப்போன சந்தர்ப்பங்கள் பல இருப்பதும், அதற்குக் காரணம் விமர்சகர்களின் அஜாக்கிரதையைக் காட்டிலும் அக்கார்டு பிறக்கிற விதத்திலேயே பொதிந்திருப்பதும் புலனாகும்.

ஆதியில் நடுத்தரம் என்ற வகுப்பே கிடையாது. சிலிக்கான் கிராபிக்ஸ் கம்பெனியில் பழகித் தேறிய ராஸ் ஸ்மித், கேரி டரோலி, ஸ்காட் செல்லர்ஸ் முதலியோர் 1994-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டு 1996-ல் வெளிவந்தபோது, அதில் 4 மெகாபைட் நினைவகம் இருந்தது. சாதாரண எழுத்தைத் திரையில் காட்டக்கூட அதற்குச் சக்தியில்லாமையால், கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கிற வேறொரு கார்டிலிருந்து கேபிள் வழியாக வரும் படத்தை அப்படியே கடத்திவிட்டு, முப்பரிமாண விளையாட்டு ஆரம்பித்தவுடன் மட்டும் தான் முன்வந்து வேலை செய்யும். அந்த வருஷத்தில் நினைவகச் சில்லுகளின் விலை சரிந்திராவிட்டால் அது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எட்டியே இராது. வூடூ உண்டா இல்லையா என்பதுதான் அன்றைய கேள்வி. எந்தத் தரத்து வூடூ என்று கேட்பார் ஒருவருமில்லை.

ஒரே சரக்கை மூன்று விலையில் விற்கும் வித்தையைச் செம்மைப்படுத்திய பெருமை என்விடியா கம்பெனியைச் சாரும். 1999-ல் அது வெளியிட்ட டிஎன்டி2 வரிசையில், அல்ட்ரா என்பது மேல்தட்டுக்கு. எம்64 என்பது சிக்கனக்காரருக்கு. பின்னதில் சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையேயுள்ள பாதை 128 பிட்டிலிருந்து 64 பிட்டாகச் சுருக்கப்பட்டிருந்தது. அட்டைப்பெட்டியின் மேல் டிஎன்டி2 என்ற பெயரே பிரகாசமாக அச்சிடப்பட்டிருக்க, உள்ளேயிருந்த பாதை பாதியாகக் குறைந்ததைக் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு, 2000-ம் வருஷம் ஜூன் மாதத்தில், ஜீஃபோர்ஸ்2 எம்எக்ஸ் வந்தது. நடுத்தரக் கார்டுகளின் வம்ச சரித்திரத்தில் முதல் கௌரவமான புருஷன் என்று நான் கருதுவது இதைத்தான். பெரிய அண்ணனாகிய ஜிடிஎஸ்ஸுக்கு நான்கு பிக்சல் குழாய்கள் இருந்த இடத்தில் இதற்கு இரண்டு; ஆனால் உருவங்களின் கோணங்களையும் ஒளியையும் கார்டே கணக்கிட்டுக்கொள்ளும் புதிய சக்தியைக் கம்பெனியார் இதிலிருந்து பிடுங்கவில்லை; போதாக்குறைக்கு இரண்டு திரைகளை ஒருங்கே இயக்கும் வசதியையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருஷம் ஆப்பிள் கம்பெனியார் தங்கள் மேக் கம்ப்யூட்டருக்கு முதன்முதலாக ஏற்றுக்கொண்ட என்விடியா சில்லும் இதுவே. இதில் குறைக்கப்பட்டது வேகம். வேகத்தின் குறைவை முதல் நாளே அளந்துவிடலாமாகையால், முதல் நாள் தீர்ப்பும் பழுதின்றி நின்றது.

அளக்க முடியாததைக் குறைத்தபோதுதான் விபரீதம் நேர்ந்தது. 2002-ல் ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் என்ற திருநாமத்தோடு வந்த கார்டு, பெயரால் நான்காம் தலைமுறையாயினும் உடம்பால் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் விளையாட்டு ஆசிரியர் எழுதிய நிரலின்படி கணக்கிடுகிற பிக்சல் ஷேடர் மூன்றாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது; அது இதில் இல்லை. டூம், குவேக் விளையாட்டுகளை ஆக்கிய ஜான் கார்மாக் அந்தப் பெயரைப் பகிரங்கமாகவே கண்டித்தார். எனினும் அன்று நடப்பிலிருந்த விளையாட்டுகள் அதில் சுகமாக ஓடினபடியால் ஜனங்கள் தாராளமாக வாங்கினார்கள். 2003-ன் கடைசியில் டியூஸ் எக்ஸ் விளையாட்டின் இரண்டாம் பாகம் ஷேடரைக் கட்டாயமாகக் கேட்டபோது, அந்தக் கார்டு அதை மெதுவாகக்கூட ஓட்டவில்லை, அறவே ஓட்டவில்லை.

இவ்விடத்தில் நடுத்தரக் கார்டு எவ்விதம் உற்பத்தியாகிறது என்பதைச் சிறிது விளக்கியாக வேண்டும். ஒரு சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகள் ஒருசேர அச்சாகின்றன. தூசியினாலும் வேறு நுண்ணிய பிழைகளாலும் அவற்றுட் சில பழுதாகிவிடுகின்றன. பலாப்பழத்தின் ஒரு பக்கம் அழுகியிருந்தால் அதை அரிந்தெறிந்துவிட்டு மீதியைச் சுளை சுளையாக விற்கிற வியாபாரியைப் போல, கம்பெனியார் பழுதான பகுதியின் தொடர்பைத் துண்டித்துவிட்டு, மிஞ்சிய சில்லுக்கு ஒரு படி தாழ்ந்த நம்பரைச் சூட்டி விற்கிறார்கள். இதில் அதர்மம் ஒன்றுமில்லை. குப்பைக்குப் போக வேண்டியது பாதி விலைக்கு நமக்குக் கிடைக்கிறது. ஆனால் நல்ல சில்லுகள் ஏராளமாகவும், மலிவான கார்டுக்குக் கிராக்கி அதிகமாகவும் இருக்கிற சமயத்தில், பழுதில்லாத சில்லையும் வேண்டுமென்றே ஊமையாக்கி விற்க நேர்கிறது. 2002-ல் ஏடிஐ கம்பெனி விற்ற ரேடியான் 9500 இத்தகையது: எட்டுக் குழாய்களில் நான்கு மூடப்பட்டிருந்தன, சில சாமர்த்தியசாலிகள் மென்பொருள் யுக்தியினாலேயே அவற்றைத் திறந்து, உயர்ந்த 9700-ன் வேகத்தை இலவசமாகப் பெற்றார்கள். உண்மையிலேயே பழுதான சில்லு அகப்பட்ட துரதிர்ஷ்டசாலிகளின் திரையிலோ சதுரங்கப் பலகை மாதிரி கட்டங் கட்டமாகக் கறை தோன்றிற்று.

விமர்சனத் தொழிலும் இதே காலத்தில் வளர்ந்தது. 1996-ல் தாமஸ் பாப்ஸ்ட் என்ற ஜெர்மானிய டாக்டரும், மறு வருஷம் பதினான்கே வயதான ஆனந்த் லால் ஷிம்பி என்ற அமெரிக்கச் சிறுவனும் தொடங்கிய பரிசோதனைப் பதிவுகள், கம்பெனி விளம்பரத்துக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவே நின்று நியாயம் சொல்லத் தலைப்பட்டன. அளக்கிறவர்கள் பெருகவே, அளவுகோலை ஏமாற்றுகிறவர்களும் பெருகினார்கள். 2001-ல் குவேக் 3 என்ற விளையாட்டுக் கோப்பின் பெயரைக் குவாக் என்று மாற்றி ஓட்டிப் பார்த்தபோது, ரேடியான் 8500-ன் வேகம் சட்டென்று குறைந்தது. கார்டை இயக்கும் மென்பொருளாகிய டிரைவரானது விளையாட்டின் பெயரைப் பார்த்து, அதற்கு மட்டும் படத்தின் தரத்தைத் தணித்து வேகம் காட்டியிருக்கிறது என்ற ரகசியம் அம்பலமாயிற்று. 2003-ல் 3டி மார்க் பரிசோதனையில் என்விடியாவும் ஏறக்குறைய இதே குற்றச்சாட்டுக்கு ஆளாயிற்று. 2011-ல் ஸ்காட் வாஸன் என்ற விமர்சகர், ஒரு விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற சராசரியை நம்புவதை விட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் வெளிவர எத்தனை மில்லி விநாடி பிடிக்கிறது என்று தனித்தனியே அளந்து காட்டினார். சராசரியில் மறைந்து கிடந்த திணறல்கள் அதன் பிறகே வெளிச்சத்துக்கு வந்தன. இந்தச் சீர்திருத்தத்தின் பெருமையை இன்றைய வாசகர்கள் போதிய அளவு உணரவில்லை என்பது என் எண்ணம்.

இடையே ஒரு பொற்காலமும் உண்டு. 2007 அக்டோபரில் வந்த 8800 ஜிடி, தனக்கு மூத்த விலையுயர்ந்த கார்டுகளை ஏறக்குறைய எட்டிப்பிடித்தது. 2008 ஜூனில், ஏடிஐயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்த ஏஎம்டி 199 டாலருக்கு வெளியிட்ட ரேடியான் 4850-ம் அதன் கூட்டாளியும் கொடுத்த அடியில், என்விடியா அப்போதுதான் 649 டாலருக்குக் கொண்டுவந்திருந்த ஜிடிஎக்ஸ் 280-ன் விலையைச் சில வாரங்களுக்குள் 499 டாலராகக் குறைக்க நேர்ந்தது. நடுத்தரக் கார்டு மேல்தட்டின் விலையை நிர்ணயித்தது அந்தக் காலத்தில்.

முதல் நாள் தீர்ப்பின் சரித்திரத்தில் மறக்கவொண்ணாத வழக்கு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970. 2014 செப்டம்பரில் 329 டாலருக்கு அது வந்தபோது, 549 டாலர் விலையுள்ள 980-க்கு மிக அண்மையில் ஓடியதைக் கண்டு விமர்சகர்கள் ஒரே முகமாகப் புகழ்ந்தார்கள். இரண்டும் ஒரே சில்லு. 980-ல் 2,048 கணிப்பு அலகுகள், 970-ல் 1,664 என்று கம்பெனியே சொல்லியிருந்தது. நினைவகம் இரண்டிலும் 4 கிகாபைட். நாலு மாதங் கழித்து, 2015 ஜனவரியில், விளையாட்டுக்காரர்கள் சிலர் தங்கள் கார்டு 3.5 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைத் தொடத் தயங்குவதைக் கவனித்து விசாரிக்கலானார்கள். அதன் பின்னரே உண்மை வெளிவந்தது: இடைநினைவகத்தின் ஒரு பகுதியும் மூடப்பட்டிருந்தபடியால், கடைசி அரை கிகாபைட்டுக்குப் போகிற வழி மிகவும் குறுகலாகிவிட்டது; முதலில் தந்த விவரப் பட்டியலில் 64 என்றிருந்த, படத்தை முடித்து நினைவகத்தில் எழுதும் அலகுகள் வாஸ்தவத்தில் 56; 2 மெகாபைட் என்றிருந்த இடைநினைவகம் 1.75. தலைவர் ஜென்சன் ஹுவாங் பகிரங்கக் கடிதம் எழுதினார். கலிபோர்னியாவில் வழக்கு நடந்து, 2016-ல் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் கொடுப்பதாக ராஜி ஏற்பட்டது. அளந்தவர்களின் எண்களில் பிழை ஒன்றுமில்லை. அன்றைய விளையாட்டுகளில் கார்டு உண்மையாகவே அவ்வளவு வேகமாக ஓடிற்று. ஒளித்து வைத்திருந்த குறை வெளிப்படுவதற்கு நினைவகம் நிரம்ப வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நாள் போதாது.

2016-ல் வந்த ரேடியான் 480-க்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. மதர்போர்டின் துவாரம் கொடுக்கலாகும் 75 வாட்டுக்கு மேல் அது மின்சாரத்தை உறிஞ்சுகிறது என்று முதல் நாளே பரிசோதகர்கள் கண்டுபிடித்துப் பெரும் கூச்சல் எழுப்பினார்கள். பத்து நாளைக்குள் புதிய டிரைவரால் அது சரிசெய்யப்பட்டது. ஆனாலும் அந்த அபவாதம் நெடுநாள் நீங்கவில்லை. அடுத்த மாதம் வந்த ஜிடிஎக்ஸ் 1060-ஓ முதல் நாள் பரீட்சையில் முந்திக்கொண்டு, பல வருஷங்கள் உலகத்திலேயே மிகுதியான விளையாட்டுக்காரர்களிடம் இருக்கிற கார்டு என்ற அந்தஸ்தைப் பெற்றது. அதன் பெயரைக் கொண்டே 3 கிகாபைட் வகை ஒன்றையும் வெளியிட்டு, அதில் நினைவகத்தோடு கணிப்பு அலகுகளையும் 1,280-லிருந்து 1,152-ஆகக் கம்பெனியார் குறைத்ததை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2021 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 3060 வந்த காலம் வேறு மாதிரியானது. ஈதரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டுவோர் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தமையால், 329 டாலர் என்ற விலை காகிதத்தில் மாத்திரம் இருந்தது. தோண்டும் வேகத்தைப் பாதியாக்கும் பூட்டொன்றை என்விடியா அதில் வைத்தது. மறு மாதமே தானே தவறுதலாக வெளியிட்ட ஒரு டிரைவரால் அந்தப் பூட்டைத் திறந்தும் விட்டது. விமர்சகர்கள் இந்தக் கார்டை உற்சாகமின்றியே வரவேற்றார்கள்; 12 கிகாபைட் நினைவகம் இந்த வேகத்துக்கு அநாவசியம் என்றவர்களும் உண்டு. 2023-ல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் போன்ற விளையாட்டுகள் வந்து, 499 டாலருக்கு விற்ற 3070-ஐ அதன் 8 கிகாபைட் காரணமாகவே திணற வைத்தபோது, அநாவசியம் என்று சொல்லப்பட்டதன் பிரயோஜனம் தெரிந்தது. அதே வருஷம் ஜூனில் 299 டாலருக்கு வந்த 4060-ல் நினைவகம் மறுபடியும் 8 கிகாபைட்டாகவும், பாதை 128 பிட்டாகவும் சுருங்கியிருந்தன.

2025 ஏப்ரலில் 5060 டிஐ என்ற பெயரில் 429 டாலருக்கு 16 கிகாபைட், 379 டாலருக்கு 8 கிகாபைட் என இரு வகைகள் வந்தன. விமர்சகர்களிடம் போய்ச்சேர்ந்தது பெரும்பாலும் முதல் வகையே. மே 19-ந் தேதி 8 கிகாபைட்டோடு 5060 கடைக்கு வந்தபோது, அதை இயக்க வேண்டிய டிரைவர் அவர்களில் பெரும்பாலோருக்கு முன்கூட்டித் தரப்படவேயில்லை. ஆகவே இந்த விலையில் கார்டு வாங்க எண்ணுகிற வாசகர்கள், ஃபிரேம் கணக்கைப் பார்ப்பதற்கு முன் நினைவகம் எத்தனை கிகாபைட், பாதை எத்தனை பிட் என்ற இரண்டையும் விசாரித்துக்கொண்டு, மூன்று மாதமாவது பொறுத்து வாங்குவது உசிதம்.