பாடசாலை ஊர் திரும்பும்போது பாதையையும் பார்க்க வேண்டும்

1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர்களின் பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 26 வருடங்களின் பின்னர், 2016 இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பியது. இடம்பெயர்ந்த குடும்பமொன்றில் பிறந்த எனக்கும் அந்தத் திரும்புதல் பெரும் ஆறுதல். ஆனால் பாடசாலை திரும்பிய வேகத்தில் குடும்பங்கள் எல்லாம் திரும்புவதில்லை. காணி விடுபடாதவர்களும் வீடு கட்ட வசதியில்லாதவர்களும் இடம்பெயர்ந்த ஊரிலேயே இருக்க, பிள்ளை மட்டும் தினமும் பயணம் செய்கிறது. இந்தத் தூரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இடைப்பட்ட காலத்தில் பாதையும் மாறிவிட்டது. 2015 ஜனவரி 2 ஆம் திகதி முதல் காங்கேசன்துறை வரை புகையிரதம் ஓடுகிறது. கால் நூற்றாண்டு தண்டவாளமே இல்லாதிருந்த ஊர்களில், புகையிரதக் கடவையைப் பிள்ளைகள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் வசாவிளான் – பலாலி வீதி திறக்கப்பட்டபோது, அதில் நடந்து செல்லக் கூடாது, இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. வீதி திறந்தது என்பதற்காக அது பிள்ளை நடக்கும் பாதையாகிவிடாது.

வேகத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடும். சாரதி பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கு முன்னரே அந்தத் தூரம் போய்விடும். 30 கிலோமீற்றர் வேகமென்றால் 8 மீற்றர்தான். பிள்ளைகள் நடமாடும் இடங்களில் 30 கிலோமீற்றரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020 ஸ்ரொக்ஹோம் பிரகடனம் கேட்டதன் காரணம் இதுவே. ஆறு வயதுப் பிள்ளைக்கு வரும் வாகனத்தின் வேகத்தை மதிப்பிடவும் தெரியாது.

ஆரம்பப் பாடசாலை ஒன்றை இடம்மாற்ற முன்னர் பெற்றோர் கேட்க வேண்டியவை இவை:

• வாசல் பிரதான வீதியிலா, ஒழுங்கையிலா? ஒழுங்கைப் பக்கம் வாசல் வைக்க முடியுமா?
• மஞ்சள் கடவை வாசலுக்கு நேரே உள்ளதா? காலையிலும் பாடசாலை விடும் நேரத்திலும் பொலிஸார் நிற்பார்களா?
• பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் பிள்ளைகளை இறக்க வீதிக்கு வெளியே இடம் உண்டா?
• புகையிரதக் கடவைக்குப் படலையும் காவலாளியும் உண்டா?
• ‘சிசு செரிய’ பஸ் சேவை கிடைக்குமா?

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், உள்ளூர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கும் உரியவை. கோரிக்கையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் எழுத்தில் கொடுத்து, பிரதியை வலயக் கல்விப் பணிமனைக்கும் அனுப்புங்கள். கட்டடத் திறப்பு விழாவுக்கு நாள் குறிக்க முன்னரே இதைச் செய்து முடிப்பது நல்லது.