'நொடித்துப் போனார்' என்று யாரைச் சொல்வது?

தொழில் இறங்குமுகமாவதைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை: மந்தம், சரிவு, நலிவு, நட்டம், நொடிப்பு, திவால். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. விற்பனை குறைந்தால் மந்தம். கடைத்தெருவில் நாம் 'டல்' என்கிறோமே, அது. போட்ட முதலே குறைந்தால் நட்டம். 'கையைக் கடித்துவிட்டது' என்பதும் இதைத்தான். நாடு முழுவதும் பரவினால் பொருளாதார மந்தநிலை.

நொடித்துப் போவது வேறு. கடன் சொத்தை மிஞ்சி, எழ வழியில்லாத நிலை அது. இந்துஸ்தானி வழியாக வந்த 'திவால்', கோர்ட் வழியாக வந்த 'ஐ.பி. கொடுத்தார்', பேச்சுவழக்கின் 'மஞ்சள் கடுதாசி' எல்லாம் இதையே குறிக்கும். (ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம்.)

மந்தத்தில் இருக்கும் கடைக்காரரைக் கல்யாண வீட்டுப் பேச்சில் நாம் 'திவால்' ஆக்கிவிடுகிறோம். மறுநாளே மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குத் தர மறுக்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் உண்மையிலேயே நொடிக்கிறார்.

அரபியில் இந்த வேறுபாடு தெளிவாக உண்டு. 'முஃப்லிஸ்' என்ற சொல் 'ஃபல்ஸ்' என்னும் செப்புக் காசிலிருந்து வந்தது. வெள்ளி போய்ச் செப்பு மட்டும் மிஞ்சியவர் என்பது அகராதி விளக்கம். ஃபிக்ஹில் ஒருவரை அப்படி அறிவிப்பது காழியின் பொறுப்பு, ஊராரின் பொறுப்பல்ல. தற்சமயம் கடனைக் கொடுக்க இயலாதவர் 'முஃஸிர்'. அவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது அல்பகரா 280ஆம் வசனம்.