ககன்யான்

இந்திய மண்ணிலிருந்து இந்திய ஏவூர்தியில் மனிதரை விண்வெளிக்கு அனுப்பி மீட்டுவரும் இஸ்ரோவின் திட்டம் ககன்யான். மூவர் வரை கொண்ட குழுவைச் சுமார் 400 கி.மீ. உயரத்தில் மூன்று நாள் வரை சுற்றவிட்டுக் கடலில் இறக்குவது இதன் இலக்கு. சொந்தக் கலத்தில் மனிதரைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியவை இதுவரை சோவியத் ஒன்றியமும் அதன் வழிவந்த ரஷ்யாவும், அமெரிக்கா, சீனா ஆகியனவும் மட்டுமே.

பின்னணி

1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11 கலத்தில் சல்யூட் 7 நிலையத்துக்குப் புறப்பட்டார். கலமும் பயிற்சியும் சோவியத் நாட்டுடையவை. அன்றைய இந்திய ஏவூர்தியான எஸ்.எல்.வி.-3 ஏறத்தாழ 40 கிலோ எடையே சுமக்கவல்லது. 2003 அக்டோபரில் யாங் லிவெய் சென்சோ-5 கலத்தில் பறந்தபோது சீனா முந்திக்கொண்டது. 2007 ஜனவரியில் ஒரு சிறு கலத்தைச் சுற்றுப்பாதையிலிருந்து வங்கக் கடலில் இறக்கி மீட்டது இந்தியா.

மகேந்திரகிரியின் பங்கு

ககன்யானைச் சுமக்கும் எல்.வி.எம்.-3 ஏவூர்தியின் இரு திரவ எரிபொருள் கட்டங்களுக்கும் வெவ்வேறு வரலாறு உண்டு. நடுக்கட்டத்தின் விகாஸ் எஞ்சின், பிரான்சு பகிர்ந்த வைக்கிங் எஞ்சின் நுட்பத்தில் உருவானது. மேல்கட்டத்தின் கிரையோஜெனிக் எஞ்சினோ மறுப்பில் பிறந்தது: சோவியத் ஒன்றியத்துடன் 1991இல் செய்த தொழில்நுட்ப ஒப்பந்தம் அமெரிக்க நெருக்குதலால் 1993இல் முறிந்தது. நுட்பம் வராமல் எஞ்சின்கள் மட்டும் வந்தன. அதனால் இந்தியா தானே உருவாக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு எஞ்சின்களும் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில்தான் சோதிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் சி.இ.-20 எனப்படும் கிரையோஜெனிக் எஞ்சின் 720 வினாடி இயக்கப்பட்டது. அதன் மனிதப் பயணத் தகுதிச் சோதனைகள் 2024 பிப்ரவரியில் நிறைவடைந்தன. சரக்கு ஏற்றும் எஞ்சினை ஆளேற்றத் தகுதியாக்க இத்தகைய நெடுஞ்சோதனைகள் தேவை.

திட்டத்தின் வளர்ச்சி

2018 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் மோடி 2022க்குள் பயணம் நிகழும் என்றார். கொரோனாவும் கூடுதல் சோதனைகளும் அந்தக் கெடுவைத் தள்ளிப்போட்டன. உயிர்காப்புச் சூழல் அமைப்பு வெளிநாடுகளிடம் கிடைக்காததால் அதையும் உள்நாட்டிலேயே உருவாக்க முடிவானது. ஆபத்தில் குழுவைப் பிரித்துக் காக்கும் அமைப்பு 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் சோதிக்கப்பட்டது.

பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகிய விமானப்படை விமானிகள் நால்வரின் பெயர்கள் ககன்யான் பயணத்துக்கென 2024 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்டன. இவர்களுள் சுக்லா 2025 ஜூனில் ஆக்சியம்-4 பயணமாக, அமெரிக்க டிராகன் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் சென்று ஜூலையில் திரும்பினார்.

அடுத்த இலக்குகள்

ஆளேற்றும் முன், வியோமித்ரா என்னும் மனித உருவ ரோபோவைச் சுமந்து ஆளில்லாக் கலம் பறக்க வேண்டும். 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040க்குள் நிலவில் இந்தியர் என்பன இந்தியாவின் நெடுங்கால இலக்குகள். சீனாவின் தியாங்காங் நிலையம் 2022இலேயே முழுமை பெற்றுவிட்டது. 2023 ஜூனில் அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இந்தியா, கூட்டாளிகளோடு பயணித்தபடியே தனக்கென ஒரு கலத்தையும் உருவாக்கிவருகிறது.