பூச்சியை எடை போட்டவர்கள்

"முன்பு போல் குருவிச் சத்தம் இல்லை" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா என்று அறியக் கணக்கு வேண்டும். அப்படிக் கணக்கு வைத்திருந்தவர்களின் வரலாறு இது.

ஜேர்மனியின் கிறேபெல்ட் நகரில் 1905இல் ஒரு பூச்சியியல் சங்கம் தொடங்கப்பட்டது. அதில் பெரும்பாலானோர் ஆர்வத்தினால் பூச்சிகளை ஆராய்ந்த சாதாரண மக்கள். 1989 முதல் 2016 வரை 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாரம் போன்ற வலைப் பொறிகளை வைத்தார்கள். போத்தலில் விழுந்த பூச்சிகளை எடை போட்டுக் குறித்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை சுமார் 76 வீதம் குறைந்திருந்தது. அதுவும் பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குள்ளேயே!

காரணம் என்ன? வானிலை மாற்றத்தால் மட்டும் இதை விளக்க முடியவில்லை. சுற்றியிருந்த தீவிர விவசாயத்தின் மீதே சந்தேகம் விழுந்தது. ஆனால் அந்த ஆய்வு அதை நிரூபிக்கவில்லை.

பக்கத்து நாடான நெதர்லாந்து பற்றி 2014இல் வந்த ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிநாசினி நீர்நிலைகளில் கூடுதலாகக் கலந்திருந்த இடங்களில், தகைவிலான் குருவி, வானம்பாடி போன்ற பறவைகள் வேகமாகக் குறைந்திருந்தன. தானியம் தின்னும் குருவிகளும் பெரும்பாலும் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகின்றன. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருந்தையும் இதே வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டையும் திறந்த வயல்களில் பாவிக்கத் தடை விதித்தது.

நமது ஊரில் இப்படி எழுதி வைத்தவர் யார்? பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். வளவுக்கு வரும் பறவைகளை வாரம் ஒருமுறை எண்ணி, திகதியுடன் எழுதட்டும். 20 வருடம் கழித்துப் பேச நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கும்.