பாட்டன் பெயரும் பெற்றோர் தேடிய பெயரும்

‘பெயரன்’ என்ற சொல்தான் பேச்சில் ‘பேரன்’ ஆனது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். பல்லவர் வரிசையே இதற்குச் சாட்சி: முதலாம் மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன், அவன் மகன் மறுபடியும் மகேந்திரவர்மன்.

அரண்மனை வழக்கம்தான் குடியானவர் வீட்டிலும். மூத்த மகனுக்குத் தாத்தா பெயர், மகளுக்குப் பாட்டி பெயர். பெற்றவளின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாதே! அதே பெயர் கொண்ட பிள்ளையை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? ‘ராசா’ என்றாள், ‘தொரை’ என்றாள், ‘ஐயா’ என்றாள். ஒரு தாய் தன் ஆசைக்கு வைத்த பெயர் அந்தக் கூப்பிடு பெயர் ஒன்றுதான்.

பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் கதை வேறு. குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்றார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்றார்கள். எமன் கண்ணுக்கு இது வேண்டாத பிள்ளையாகத் தெரியட்டும் என்ற தவிப்பு அது. இன்று சிலர் சிரிக்கும் இந்தப் பெயர்களில் இருக்கும் பாசம் பெரிது. வரிசையாகப் பெண் பிறந்த வீடுகளில் வைத்த ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ என்ற பெயர்களில் அந்தப் பாசம் இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சிறுமி அதற்கு ‘உள்ளேன்’ சொல்ல வேண்டியிருந்தது.

1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயரைக் கொள்கையாக்கியது. சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார்; வேதம் மறை, அசலம் மலை. தம் ‘ஞானசாகரம்’ இதழை ‘அறிவுக்கடல்’ ஆக்கினார். பிள்ளைகளின் பெயர்களும் தப்பவில்லை: திருஞானசம்பந்தம் ‘அறிவுத்தொடர்பு’ ஆனார். திராவிட இயக்கத்துக்குள் வந்த இளைஞர்கள் அதே வழியில் தங்களுக்கே பெயர் சூட்டிக்கொண்டார்கள். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அரசியல் பற்று தொட்டில் வரைக்கும் வந்தது. மு. க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் மறைந்தது மார்ச் 5. அவர் பெயரே பிள்ளைக்கு வந்தது.

மேடை ஒரு பக்கம் என்றால் வாரப் பத்திரிகை மறுபக்கம். 1950-இல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வரத் தொடங்கியது. அதில் வரும் குந்தவை கல்வெட்டிலும் இருக்கும் சோழ இளவரசி. பூங்குழலி கல்கியின் கற்பனை. இரண்டு பெயரையும் வாசகர்கள் ஒரே ஆசையோடு தங்கள் பெண்களுக்கு வைத்தார்கள்.

இன்று நட்சத்திர எழுத்தும் எண் கணிதமும் முந்திக்கொள்கின்றன. ஓசைக்காக மட்டும் வைத்து, பொருள் கேட்டால் பெற்றவர்களே விழிக்கும் பெயர்கள் பெருகிவிட்டன. அவற்றுக்கு நடுவே யாழினி, இனியன், கவின் என்று அழைக்கக் கேட்கும்போது மனம் நிறைகிறது. ழகரம் குழந்தையின் நாவில் தானாகப் பழக, அதன் பெயரைவிட நல்ல வழி ஏது?

அவசரப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குள் பாட்டியிடம் ஒரு நாள் உட்கார்ந்து, வீட்டின் பழைய பெயர்களை எல்லாம் கேட்டு எழுதி வையுங்கள்.