மெய்நிகர் இயந்திரத்தில் வலைப்போக்குவரத்துப் பதிவு

கணினிக்குள் கணினியாக இயங்கும் மெய்நிகர் இயந்திரத்தின் வலையட்டை வழியே செல்லும் தரவுப் பொதிகளை, பின்னர் ஆராயும் பொருட்டுக் கோப்பொன்றில் பிரதியெடுத்து வைக்கும் வசதி. ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் தோற்றுவித்ததும், 2010 முதல் ஆரக்கிள் வசமுள்ளதுமான விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மெய்நிகர் இயந்திர மென்பொருளில் இது ‘நிக்ட்ரேஸ்’ என்னும் கட்டளைத் தேர்வாக, ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனியே அமைந்து, பொதிகளை ஆராயும் வயர்ஷார்க் மென்பொருள் வாசிக்கத்தக்க கோப்பைத் தருகிறது. உவமையாகச் சொன்னால், திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில், ஸ்ரீரங்கத் தீவின் இருபுறமும் ஓடும் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நீரைப் பங்கிடும் கதவுகளின் காரியமன்று இது. ஓட்டத்தைத் தடுக்காமல் குறித்துக்கொள்ளும் நீரளவுகோலின் தர்மமே இதற்குரியது. ஆயினும், மறையாக்கமின்றிச் செல்லும் கடவுச்சொல் முதலிய அந்தரங்கங்களும் கோப்பில் ஏறிவிடுமாதலாலும், கோப்பு பெருகி வட்டை நிரப்பக்கூடுமாதலாலும், மென்பொருளின் சாளரத்தில் இப்பதிவுக்கெனப் பொத்தான் அமைப்போர், பதிவு நடைபெறுவதை இடையறாது காட்டும் அடையாளத்தையும், கோப்பிடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும், உடனே நிறுத்தும் வழியையும் சேர்த்தே வழங்குதல் அவசியம். பயனர் கேளாதவரை பதிவு தொடங்காதிருத்தலே உசிதம்.